புகையே அறியாத அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய்: தில்லியில் காரணத்தை எங்கே தேடுவது?

மயூர் விஹார் மகள் | நவம்பர் 9, காலை 6.40

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 66. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடக் கையால் தொட்டதில்லை. வெற்றிலை போடும் நாளிலும் புகையிலை சேர்த்ததில்லை. கடந்த மார்ச்சில் தொடங்கிய வறட்டு இருமலுக்கு எங்கள் பகுதி மருத்துவர் ஒருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். வலது நுரையீரலின் மேற்பகுதியில் வெண்மையாக ஏதோ தெரிந்ததால், சளியில் கிருமி கிடைக்காதபோதும் காசநோய் என்றே முடிவு செய்து மாத்திரைகளைத் தொடங்கிவிட்டார். ஐந்து மாதம் மாத்திரை போட்டும் இருமல் நிற்கவில்லை. எடை மட்டும் ஏழு கிலோ குறைந்தது. வேறொரு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேனும் பயாப்ஸியும் செய்த பிறகுதான் இது நுரையீரல் புற்றுநோய், அதிலும் அடினோகார்சினோமா வகை என்று தெரிந்தது.

சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு விளங்காதது காரணம். அம்மா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் விறகடுப்பு எரிந்த வீட்டில் வளர்ந்தவர். 1981இல் திருமணமாகித் தில்லிக்கு வந்தபோது சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் முதல் இரண்டு குளிர்காலங்கள் அங்கீட்டி என்ற கரியடுப்பில்தான் வெந்நீர் வைத்தாராம். அதன் பிறகு 40 ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊர்க் காற்று. அப்பா 1999 வரை சிகரெட் பிடித்தார். இவற்றில் எது காரணம்? மரபணுப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியென்றால் இந்த நோய் எனக்கும் என் தம்பிக்கும் வருமா? பார்க்க வரும் உறவினர்கள் எல்லோரும் தாழ்ந்த குரலில் கேட்கும் முதல் கேள்வியே “சிகரெட் பழக்கம் கிடையாதே?” என்பதுதான். அப்பா மட்டும் எதையும் கேட்பதில்லை.

மலைமந்திர் மாமா | நவம்பர் 9, காலை 8.15

உங்கள் அம்மா நலம்பெற வேண்டுகிறேன், அம்மா. இதில் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. நான் ஆர்.கே.புரத்தில் 30 ஆண்டுகளாக இருக்கிறேன். நாளொன்றுக்குப் பத்து சிகரெட் பிடிப்பவன், மறைக்கவில்லை. நேற்றுக் காற்றுத் தரக் குறியீடு 400. இந்தக் காற்றைச் சுவாசிப்பதே நாளைக்கு 20 சிகரெட் பிடிப்பதற்குச் சமம் என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். பிடிக்காதவருக்கே இப்படி என்றால், நான் விட்டுத்தான் என்ன ஆகப்போகிறது? கிண்டலாகக் கேட்கவில்லை.

கணக்குப்பிள்ளை | நவம்பர் 9, காலை 10.02

மாமா, அந்த 20 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் உங்கள் வாதமும் கூடவே இளகிவிடும். ‘பெர்க்லி எர்த்’ என்ற அமெரிக்க ஆய்வுக் குழு 2015இல் ஒரு தோராயச் சமன்பாட்டை வெளியிட்டது. காற்றில் ஒரு கன மீட்டருக்கு 22 மைக்ரோகிராம் பி.எம். 2.5 நுண்துகள் இருந்தால், அதை நாள் முழுவதும் சுவாசிப்பது ஒரு சிகரெட்டுக்குச் சமம் என்பது அதன் சாரம். நம்மவர்கள் செய்யும் முதல் பிழை, குறியீட்டு எண்ணையே மைக்ரோகிராம் என்று எடுத்துக்கொண்டு 400ஐ 22ஆல் வகுத்து 18 என்று அறிவிப்பது. இந்தியக் குறியீட்டில் 400 என்பது நுண்துகளைப் பொறுத்தவரை 250 மைக்ரோகிராம். வகுத்தால் பதினொன்றுதான் வரும். அதுவும் நவம்பர் மாதத்தின் மோசமான நாளுக்கு. தில்லியின் ஆண்டுச் சராசரியோ ஏறக்குறைய 100 மைக்ரோகிராம், அதாவது நான்கரை சிகரெட். (இதைச் சிறிது என்று சொல்ல வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டு வரம்பு 5. நம் நாட்டு வரம்பே 40.)

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. அந்தச் சமன்பாடு எல்லாக் காரணங்களாலும் நேரும் உயிரிழப்பைக் கணக்கிடுவது. மாசுக்காற்று கொல்வது பெரும்பாலும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயாலும்தான். புற்றுநோய் அதில் ஒரு பகுதி. நுரையீரல் புற்றுநோயை மட்டும் தனியே எடுத்தால் கணக்கு வேறாகிவிடுகிறது. 2014இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நுண்துகள் ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் இந்நோயின் ஆபத்து சுமார் 9 விழுக்காடு கூடுவது தெரிந்தது. 10 மைக்ரோகிராம் உள்ள ஊரிலிருந்து 100 உள்ள ஊருக்கு வருபவருக்கு இதை ஒன்பது படிகளாகப் பெருக்கினால் ஆபத்து இரு மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நம்மைவிடத் தூய காற்றுள்ள ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் நடந்தவை என்பதால் தில்லி வரை அந்தக் கோட்டை அப்படியே நீட்டுவது சரியாகாது. மேலே போகப்போக அது வளைந்து தாழவும் கூடும். எனவே இரண்டு மடங்கு என்பதை உச்ச மதிப்பீடாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சிகரெட் பிடிப்பவரின் ஆபத்து எத்தனை மடங்கு தெரியுமா? பிடிக்காதவரைவிட 15 முதல் 30 மடங்கு. தில்லிக்காற்று உங்களுக்குச் சலுகை எதுவும் தரவில்லை, மாமா. ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் ஆபத்தின் தோளில் அதுவும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

மலைமந்திர் மாமா | நவம்பர் 9, காலை 10.20

வகுத்தல் கணக்கில் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். மற்றதை யோசித்துச் சொல்கிறேன்.

நெஞ்சகம் | நவம்பர் 9, இரவு 9.30

நான் நெஞ்சக நோய் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். மயூர் விஹார் மகளுக்கு முதலில் மரபணுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விகளில் அச்சத்தை அதிகம் சுமப்பது அதுதான் என்று தோன்றுகிறது.

மருத்துவமனை தேடுவது பெரும்பாலும் கட்டியின் உயிரணுக்களில் மட்டும் உண்டான மாற்றங்களை. ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் உண்டாகும் மாற்றம் அவற்றுள் முக்கியமானது; இந்தியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது காணப்படுகிறது, புகைபிடிக்காத பெண்களிடம் இன்னும் அதிகம். இது கருவிலேயே வந்த மாற்றம் அன்று. வாழ்க்கையின் ஏதோ ஒரு கட்டத்தில் நுரையீரலின் ஓர் உயிரணுவில் நேர்ந்து, அதன் வழித்தோன்றல்களில் மட்டும் தொடர்வது. ஆகவே பிள்ளைகளுக்கு அதைக் கடத்த வழியில்லை. பிறப்பிலேயே வரும் வகை மிக மிக அரிது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தார் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கு ஆபத்து ஓரளவு கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரே வீட்டுப் புகையையும் ஒரே ஊர்க் காற்றையும் பகிர்ந்துகொண்டவர்களில் எது ரத்தத்தால் வந்தது, எது காற்றால் வந்தது என்று பிரிப்பது கடினம். பரிசோதனையில் மாற்றம் இருப்பதாக வந்தால் கலங்காதீர்கள். அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன.

அடுத்து காற்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் டீசல் புகையையும், 2013இல் வெளிக்காற்று மாசையும், புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் சேர்த்துவிட்டது. எப்படி உண்டாக்குகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2023இல் லண்டனின் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வு அதற்கு நல்ல விளக்கம் தந்தது. நோயில்லாதவர்களின் நுரையீரலிலும் இப்படிப்பட்ட மாற்றமடைந்த உயிரணுக்கள் ஆங்காங்கே இருப்பதை அவர்கள் கண்டார்கள். வயது ஏறுவதாலேயே சேர்பவை அவை. வாழ்நாள் முழுவதும் ஒன்றும் செய்யாமல் கிடக்கக்கூடியவை. நுண்துகள் உள்ளே போய் அழற்சியைக் கிளப்பும்போது, உறங்கிக்கொண்டிருந்த உயிரணு விழித்துப் பெருகத் தொடங்குகிறது. அந்த அழற்சிச் சமிக்ஞையை எலிகளில் தடுத்தபோது கட்டிகளும் குறைந்தன. நெருப்பு வேறெங்கோ விழுந்திருக்கலாம். காற்று அதை விசிறியது என்று வைத்துக்கொள்ளலாம்.

காசநோய் என்று ஐந்து மாதம் போனதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது, ஆனால் வியப்பாக இல்லை. இருமல், எடைக்குறைவு, சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் மேற்பகுதி நிழல் என்று இரண்டு நோய்களும் ஒரே முகமூடியை அணிந்து வருகின்றன; நம் நாட்டில் காசநோய் மலிந்திருப்பதால் கை முதலில் அந்த மாத்திரைக்கே போகிறது. இந்த உரையாடல் இழையைப் படிக்கும் மற்றவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். சளியில் கிருமி உறுதியாகாமல் தொடங்கிய காசநோய் மருந்துக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால், இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று இருக்காமல் சி.டி. ஸ்கேனைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது.

அடுக்களை ஆய்வாளர் | நவம்பர் 10, காலை 7.05

அங்கீட்டியைப் பற்றி மருத்துவர் ஐயா ஒன்றும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். வீட்டுக்குள் நிலக்கரி எரிக்கும் புகையும் அதே முதல் வகையைச் சேர்ந்தது; விறகு, விராட்டிப் புகை அதற்கு அடுத்த, ‘உண்டாக்கக்கூடும்’ என்ற வகையில் இருக்கிறது. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்ற வட்டாரத்தில் சிகரெட்டைத் தொடாத பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் மிக அதிகமாக இருந்தது. அவர்கள் வீட்டுக்குள் புகைபோக்கி இல்லாத குழியடுப்பில் புகை மிகுந்த கரியை எரித்து வந்தார்கள். புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய குடும்பங்களில் பின்னாளில் நோய் குறைந்தது 2002இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. காரணத்தை நீக்கினால் விளைவு குறைகிறது என்பதைவிட நல்ல சான்று வேறென்ன வேண்டும்? மயூர் விஹார் மகளின் அம்மா அங்கீட்டி வைத்தது இரண்டு குளிர்காலம்தான் என்பதால் அதன் பங்கு பெரிதாக இருந்திருக்காது. ஊரில் ஊதுகுழலால் ஊதி ஊதி வளர்ந்த இருபது ஆண்டுகளைத்தான் நான் கூடுதலாக எண்ணுவேன்.

இன்னொன்று, நம் வீடுகளில் யாரும் பொருட்படுத்தாதது. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதுமாக எரிந்து முடிகையில் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். இது துகளின் எடை ஒப்பீடுதான். அத்தனை சிகரெட்டின் புற்றுநோய் ஆபத்து என்று பொருள் கொள்ளக் கூடாது (கணக்குப்பிள்ளை முந்துவதற்குள் நானே சொல்லிவிட்டேன்). இருந்தாலும் சன்னலைச் சாத்திய அறையில் கட்டிலுக்கடியில் சுருளை ஏற்றிவிட்டு, மூலையில் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய காற்றுச் சுத்திகரிப்பானையும் ஓட விடும் வீடுகளை இந்த ஊரில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ஓக்லா மின்பணி | நவம்பர் 10, பிற்பகல் 1.40

எங்கள் பட்டறைக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இருபது ஆண்டுகளாக அதன் கீழேதான் வேலை. மின்விசிறி மாட்டுவதற்காக அதில் துளையிட்டதும் உண்டு. பயப்பட வேண்டுமா? அதோடு, என் வீட்டுத் தரை கிரானைட். அதிலிருந்து ரேடான் வாயு வரும் என்கிறார்களே?

நெஞ்சகம் | நவம்பர் 10, இரவு 8.50

கிரானைட்டை விட்டுவிடுங்கள், தம்பி. ரேடான் என்ற கதிரியக்க வாயு முதன்மையாக வீட்டுக்கடியில் உள்ள மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வருவது. குளிருக்காகச் சாத்தியே வைக்கும் நிலவறை வீடுகள் மிகுந்த அமெரிக்காவில் அது புகைக்கு அடுத்த காரணமாகச் சொல்லப்படுகிறது. தரைப் பலகையின் பங்கு அற்பம்.

ஆஸ்பெஸ்டாஸ் அப்படியன்று. ஷீட் உடையாமல், உதிராமல் தலைக்குமேல் கிடக்கும்வரை இழைகள் சிமெண்டில் கட்டுண்டு கிடக்கும். துளையிடும்போதும் அறுக்கும்போதும் உடைத்துக் குவிக்கும்போதும்தான் அவை காற்றில் கலக்கின்றன. உடலுக்குள் போன இழை, நோயாக வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் வெப்பக்காப்புத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1979இல் வெளியிட்டதை மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் சொல்லித்தருகிறோம். ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் என்றால் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து ஐந்து மடங்கு. சிகரெட் மட்டும் என்றால் சுமார் பதினொரு மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்குப் பதினாறு அல்ல, ஐம்பது மடங்குக்கு மேல். சில துளைகள் போட்டதற்காக நீங்கள் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை. இனித் துளையிட நேர்ந்தால் அந்த இடத்தை நனைத்துக்கொண்டு, ஆஸ்பெஸ்டாஸ் இழையைத் தடுக்கும் பி.100 வகை வடிகட்டி பொருத்திய முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். துணியோ என்.95 கவசமோ போதாது. தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். புகைபிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை.

ஓக்லா மின்பணி | நவம்பர் 10, இரவு 9.05

பீடி. நாளைக்கு ஒரு கட்டு. சிகரெட்டைவிட அதில் புகையிலைத் தூள் குறைவு என்பதால் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

நெஞ்சகம் | நவம்பர் 10, இரவு 9.25

தூள் குறைவுதான். ஆனால் பீடி சுற்றும் தெந்து இலை எளிதில் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது; அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல், சில அளவீடுகளில் கூடுதலாகவே உள்ளே போகின்றன. உங்கள் பட்டறைக் கூரையை மாற்றுவது முதலாளியின் கையில் இருக்கிறது, பீடிக்கட்டு உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. பாக்கெட்டின்மேல் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லை. விடுவதற்கு உதவி செய்வார்கள்.

மலைமந்திர் மாமா | நவம்பர் 11, காலை 7.30

மருத்துவர் சார், இரண்டு நாளாக யோசித்தேன். எனக்கு வயது 54; பத்து சிகரெட், 30 ஆண்டு. இனி விட்டால் ஏதாவது மிஞ்சுமா? ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா? பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரலைக் காக்கும் என்று நண்பர் ஒருவர் தருகிறார்.

நெஞ்சகம் | நவம்பர் 11, காலை 9.10

முதலில் அந்த மாத்திரையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வின் முடிவு 1994இல் வந்தபோது, பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வையும் இதே காரணத்துக்காக 1996இல் பாதியில் நிறுத்தினார்கள். கேரட்டைக் காய்கறியாகச் சாப்பிடுவதில் தவறேதும் இல்லை.

விட்டால் மிஞ்சுவது நிறையவே உண்டு. இங்கிலாந்தில் 1951இல் தொடங்கி மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், 30 வயதில் விட்டவர்கள் சுமார் 10 ஆண்டுகளும், 40இல் 9, 50இல் 6, 60இல் 3 ஆண்டுகளும் ஆயுளை மீட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பத்து ஆண்டுகளில், தொடர்ந்து பிடிப்பவரின் ஆபத்தில் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். பிடிக்காதவரின் அளவுக்கு முழுவதும் இறங்குவதில்லை. பத்தை ஐந்தாகக் குறைத்துப் பார்க்கிறேன் என்பீர்கள். என் நோயாளிகளில் பலர் அந்த ஐந்தை இரட்டிப்பு ஆழத்தில் இழுத்தார்கள்.

ஸ்கேன் பற்றி. குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் ஆண்டுதோறும் எடுத்தவர்களிடம் இந்நோயால் நேரும் இறப்பு, எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட 20 விழுக்காடு குறைந்ததாக 2011இல் 53,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அங்கே இப்போதைய வரையறை 50 முதல் 80 வயது, 20 ‘பாக்கெட் ஆண்டு’ (நாளைக்கு ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு பிடித்தால் அது ஒரு பாக்கெட் ஆண்டு), இன்னும் பிடிப்பவர் அல்லது 15 ஆண்டுகளுக்குள் விட்டவர். கவனியுங்கள், அவர்கள் பாக்கெட்டில் 20 சிகரெட். நம் கடையில் கிடைப்பது பத்து. உங்கள் முப்பது ஆண்டுக் கணக்கு 15தான் ஆகிறது. தவிர, நம்மில் பலருடைய நுரையீரலில் பழைய காசநோய்த் தழும்புகள் இருப்பதால், ஸ்கேன் காட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஊசி குத்திப் பார்க்கும் அலைச்சல் வரும். இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினாலோ சளியில் ரத்தம் வந்தாலோ கணக்குப் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மயூர் விஹார் மகள் | நவம்பர் 13, இரவு 11.15

அப்பா நேற்று வாய் திறந்தார். இந்த இழையை அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். அவருக்குக் கைபேசியில் படிக்க வராது. “அந்த சரோஜினி நகர் வீட்டில் குளிருக்கு சன்னலைச் சாத்திக்கொண்டு ரஜாய்ப் போர்வைக்குள் உட்கார்ந்து பிடித்தேனே, அதுதானே?” என்று கேட்டார். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். இங்கே யாராவது நேராகச் சொல்லுங்கள், இனிப்புப் பூச வேண்டாம்.

நெஞ்சகம் | நவம்பர் 14, காலை 6.20

நேராகவே சொல்கிறேன். ஜப்பானில் ஹிராயாமா என்பவர் புகைபிடிக்காத மனைவியர் 91,540 பேரை 14 ஆண்டுகள் கவனித்து 1981இல் எழுதினார். கணவர் அதிகமாகப் பிடித்த வீடுகளில் மனைவியின் ஆபத்து சுமார் இரு மடங்காக இருந்தது. பின்னர் வந்த பல ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், பிறர் புகையைச் சுவாசிப்பது ஆபத்தை 20 முதல் 30 விழுக்காடு உயர்த்துகிறது. ஆகவே அதற்குப் பங்கே இல்லை என்று உங்கள் அப்பாவிடம் சொன்னால் அது பொய்.

அவருடைய சிகரெட்தான் என்று சொன்னாலும் அதே அளவுக்குப் பொய்தான். இந்த விழுக்காடுகள் ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்தி எண்ணிச் சொல்பவை. வரிசையிலிருந்து ஒருவரைத் தனியே அழைத்து உனக்கு இதனால் வந்தது என்று அவற்றால் சொல்ல இயலாது. விறகுப் புகை, ஊர்க் காற்று, கணவரின் சிகரெட், வயதால் வந்த தற்செயலான ஒரு மாற்றம் ஆகிய எல்லாவற்றையும் சுமந்த அதே வயதுப் பெண்கள் பலர் நோயின்றி இருக்கிறார்கள்; எதையும் சுமக்காத சிலருக்கு நோய் வந்திருக்கிறது. கட்டியை எந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் அதில் ஒருவருடைய பெயர் எழுதியிருக்காது. 1999இல் அவர் விட்டது வீட்டிலிருந்த அனைவருக்கும் நன்மை செய்தது என்பதை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம்.

கணக்குப்பிள்ளை | நவம்பர் 14, காலை 8.00

மருத்துவர் ஐயா சொன்னதற்கு மேல் கணக்கில் ஏதும் இல்லை.

மயூர் விஹார் மகள் | நவம்பர் 22, மாலை 5.30

பரிசோதனை முடிவு வந்தது. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருக்கிறது, திங்கட்கிழமை முதல் மாத்திரை. முகத்தில் பருக்கள் வரும், வயிற்றுப்போக்கும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். அப்பா உங்கள் பதிலில் “பொய்” என்று வந்த இரண்டு இடங்களையும் பென்சிலால் கோடிட்டு, தாளை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு சிறு செய்தி. எங்கள் குடியிருப்பு வாயிலில் இரவுக் காவலர் குளிருக்காகக் காய்ந்த இலையையும், அது கிடைக்காத நாளில் பழைய டயர்த் துண்டையும் எரிப்பார். புகை நேராக முதல் மாடிக்கு, அம்மாவின் சன்னலுக்கு வரும். அவரைத் திட்டுவதற்குப் பதிலாக மின்சூடேற்றி வாங்கிக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டோம். குளிர்கால மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு நேற்று வாங்கி வந்தார்கள். காவலரின் கூண்டில் பிளக் பாயிண்ட் இல்லை. ஓக்லா தம்பி, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா?

ஓக்லா மின்பணி | நவம்பர் 22, மாலை 6.10

வருகிறேன், அக்கா. கூண்டின் கூரை என்ன ஷீட் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.